சலீம் காக்காவும் கைமாற மறுத்த காரும்

சனிக்கிழமை காலை நான் கட்டடத்தின் கீழே கார்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அறைத்தோழர் ஷாகுல் ஓடி வந்தார். "அண்ணே, ஆஸ்பத்திரியில இருந்து போன். சலீம் காக்கா மௌத்தாயிட்டாக." கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சலீம் காக்கா கீழக்கரைக்காரர். இங்கே வளைகுடாவில், அல் குசைஸில் கார் சாமான் கடை வைத்திருந்தார். அந்தக் கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் எல்லாருக்கும் அவர் காக்காதான். இந்த வயதில்தான் எனக்கு எழுத்துக் கூட்டி எழுத வந்திருக்கிறது. அவர் பெயரை மெல்ல எழுதி முடிக்கும்போது, இத்தனை துக்கத்திலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். காக்கா கோபிக்க மாட்டார்.

அவரிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, மாதுளை முத்து நிறம். ஓர் அரபியிடம் வாங்கி, ஒரு போல்ட்டுகூட மாற்றாமல் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எங்களை அதில் ஜெபல் அலி வரை கூட்டிப்போவார். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் மறுவாரம் அவருக்கு இடமில்லை.

போன கோடையில் காக்காவுக்கு நுரையீரல் கெட்டது. "ஊருக்குப் போவதானால் இப்போதே போங்கள். பிறகு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்" என்றார் டாக்டர். காக்கா கடையை மூடினார். கார் மட்டும் மிச்சம். "அது கை மாறட்டும், மறுநாளே கிளம்பிருவேன்" என்றார்.

விற்பனைக்கு என்று கண்ணாடியில் தாள் ஒட்டினார். ஒட்டிவிட்டு, அதன் மேலேயே கார் கவரைப் போட்டு மூடினார்! காலையில் நான் கவரை உருவுவேன். மதியத்துக்குள் மாடியிலிருந்து மூச்சு இரைக்க இறங்கி வந்து மறுபடி மூடியிருப்பார்.

"மூடி வச்சா எவன் காக்கா வாங்குவான்?"

"வெயில்ல பெயிண்ட் போயிரும்ப்பா."

"உங்க உசிரு போயிரும் போலருக்கே!"

"நீ தண்ணி ஊத்துற வேலையப் பாரு."

ஊரிலிருந்து அவர் மனைவி போனில் போடும் சத்தம் எனக்கும் கேட்கும். "அந்தச் சக்களத்திய எவன் தலையிலயாச்சும் கட்டிட்டு வாங்க! இங்கன நான் ஒருத்தி இருக்கேன்." காக்கா சிரிப்பார். சிரிப்பு இருமலில் முடியும்.

வந்தவர்களில் ஒருவன் எஞ்சினை மாற்றப்போவதாகச் சொன்னான். "யல்லா, நடையக் கட்டு!" இன்னொருவர் காபிக் கடை வாசலில் அலங்காரமாக நிறுத்தக் கேட்டார். அவரையும் அனுப்பிவிட்டார். நான் காலில் விழாத குறை.

"என்கிட்ட விட்டுட்டுப் போங்க காக்கா. நான் வித்துத் தர்றேன்."

"நீ வெலையப் பாப்ப. ஆளப் பாக்க மாட்ட."

கடைசியில் எகிப்துக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். இறங்கியதும் கதவை இரண்டு கையாலும் மெல்லச் சாத்தினார். "பாத்தியா? கலாஸ், முடிஞ்சுபோச்சு. இவருக்குத்தான்" என்றார் காக்கா.

உடனே டிக்கெட் எடுத்தோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் போனேன். அவர் மூச்சு விடுவதைப் பார்த்ததும் அங்கிருந்த டாக்டர் முடியாது என்றுவிட்டார். எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் மன்றாடினேன். காக்கா என் சட்டையை இழுத்தார். "விடுப்பா. அவங்க மேல குத்தமில்ல." அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் இங்கேயே. மண் போடுவதற்கு முன் அவர் முகத்தைப் போனில் மனைவிக்குக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"அவுகளால மாடி ஏற முடியாதுன்னு கீழ் ரூம்ல கட்டில் போட்டு வச்சிருக்கேன் அண்ணே. அத என்ன செய்ய?"

குனிந்து ஒரு பிடி மண் எடுத்தேன். சுட்டது. ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, பிறகு போட்டேன்.

காக்கா, இனி மூச்சு இரைக்காது. நிம்மதியாகப் படுங்கள்.