தொவானின் வீட்டுப் பாத்தி

ஹனோய்க்குத் தெற்கே கால்வாய்க்கரையில் குடியிருக்கும் தொவானுக்கு இரண்டு கீரைப்பாத்திகள். ரோட்டோரம் இருப்பது சந்தைக்கு. கொல்லையில் இருப்பது வீட்டுக்கு. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம், இதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. சந்தைப் பாத்திக்குக் கூட்டுறவுச் சங்கத்தார் கட்டாயப்படுத்திய போர் தண்ணீரும் மூட்டை உரமும். வீட்டுப் பாத்திக்கு, நகரத்துச் சாக்கடையெல்லாம் கலந்து கறுப்பாக ஓடுகிற கால்வாய்த் தண்ணீர். வருஷா வருஷம் தூர் வாரும்போது அந்தச் சேற்றையும் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டுவாள். அப்புறம் கேட்பானேன், வள்ளைக்கீரை தளதளவென்று முழங்கால் உயரம் நிற்கும்.

"போர் தண்ணிக் கீரை சப்புன்னு இருக்கும். அது ஊராருக்கு. என் வீட்டுக்குச் சத்துள்ளதுதான் வேணும்" என்பாள். ஐம்பத்தாறு வயதில் அவளுடைய பெருமையே அந்தப் பாத்திதான். மருமகள் லியூ வந்தபிறகு பெருமை இரட்டிப்பாயிற்று. லியூ இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. தினமும் விடிந்ததும் அவளுக்கென்று ஒரு கட்டு பறித்து அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் தொவான் சந்தைக்குக் கிளம்புவாள்.

மண் பரிசோதனைக்கு ஒரு பெண் வந்தாள்.

"சந்தைப் பாத்தியில மட்டும் எடும்மா. கொல்லையில இருக்கறது தங்கம், அதுக்கெல்லாம் சோதனை வேணாம்" என்றாள் தொவான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டிலும் எடுத்துப் போனாள்.

மூன்று வாரம் கழித்துக் காகிதத்தோடு வந்தாள்.

"பெரியம்மா, சந்தைப் பாத்தியில பயப்பட ஒண்ணுமில்ல. கொல்லையிலதான் ஈயமும் காட்மியமும் ரொம்ப அதிகம். தண்ணி வர்ற பக்கம் இருக்கற முலாம் பட்டறைக் கழிவெல்லாம் கால்வாய்ச் சேத்துல தங்கிடுது. அதைக் கீரை உறிஞ்சிக்குது. இனிமே திங்காதீங்க. வயித்துல பிள்ளை இருக்கறவங்க தொடவே கூடாது."

 அந்தப் பெண் போனதும் தொவான் நேரே அடுப்படிக்கு ஓடினாள். லியூவும் தொவானின் புருஷன் குவீயும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தட்டையும் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் கையாலேயே உனக்கு விஷத்தப் பறிச்சு வச்சேனேடி! அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

லியூ தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தை, திட்ட மாட்டீங்களே?"

"உன்ன எதுக்குடி திட்டப்போறேன்?"

"அந்தக் கீரையில சேத்து நாத்தம் அடிக்கும் அத்தை. எனக்குக் குமட்டும். நீங்க அந்தப் பக்கம் போனதும் அதை மாமாவுக்கு வதக்கி வச்சிட்டு, சந்தைப் பாத்தியில போய்க் கிள்ளிட்டு வந்துடுவேன். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

"அடிப்பாவி!" என்றார் குவீ. "அதான் எனக்கு மட்டும் தினம் ரெண்டு பங்கு கீரையா? நான்கூட மருமகளுக்கு என்மேல பாசம்னு நெனச்சேனே!"

வேறு நாளாக இருந்தால் தொவான் போட்ட சத்தத்தில் கூரை பறந்திருக்கும். இன்று, "திருட்டுக் கழுதை! திருட்டுக் கழுதை!" என்று சொல்லிச் சொல்லி மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. "நாளைக்கே எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாக்கறோம். உங்களைத்தான் முதல்ல பாக்கணும்" என்று புருஷனை அதட்டினாள்.

பிறகு, சந்தைக்குக் கட்டி வைத்திருந்த கீரையில் ஒரு கட்டை அவிழ்த்து, பூண்டு தட்டிப் போட்டு வதக்கி, மருமகளுக்குத் தானே பரிமாறினாள்.