மாமாவின் பெயரில் போன அத்தை

எங்கள் பெரிய மாமா, தாம் சாகப்போவதை ஊரில் எல்லோருக்கும் முறையாகத் தெரிவித்துவிட்டுத்தான் படுத்தார். அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலையில் இருந்தார், அம்மாவுக்குக் கைக்குழந்தை. பிள்ளை இல்லாத மாமாவும் அத்தையும் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சுற்றிலும் ராகியும் கொள்ளும் விளைகிற கொல்லைகள். ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மூன்று பேரும் ஓசூருக்கு நடந்து போவோம்.

மாமா ரோடு மேஸ்திரி. கிருஷ்ணகிரி சாலையில் ஜல்லி கொட்டுகிறவர்களையும் தார் ஊற்றுகிறவர்களையும் வேலை வாங்கியே வயசானவர். ஆறடி உயரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே மாதிரி அதட்டுவார். அந்த வருஷம் சித்திரையில் அவருக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. பெங்களூரில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பெருத்திருக்கிறது, உப்பை நிறுத்துங்கள், எப்படியும் மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லி அனுப்பினார்.

மாமா கலங்கவில்லை. வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறவரைப் போலக் காரியங்களை ஒவ்வொன்றாக முடித்தார். தளிப் பக்கத்திலிருந்து ஒரு ஆசாரியை வரவழைத்து, பலாமரத்தில் தமக்குச் சவப்பெட்டி செய்யச் சொன்னார். ஆசாரி கன்னடக்காரர். உயிரோடு இருக்கிற மனிதரை நிற்கவைத்து அளவெடுத்தபோது அவர்தான் அளவை மறந்து மறந்து மறுபடி எடுத்தார். மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு, தையற்காரனிடம் நிற்பதுபோல நின்றார். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு சிலுவை. அதன் கீழே மாமாவின் முழுப்பெயர்.

பெயர் எதற்கு என்று கேட்டேன்.

“கடைசி நாள்ல எக்காளம் ஊதுவாங்க கண்ணு. அப்ப பேரு பேரா கூப்புடுவாங்க. ஆள் மாறிடக் கூடாது பாரு” என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பக்கத்துக் கொல்லைக்காரர் கவுடர் தினமும் சாயங்காலம் மாமாவைப் பார்க்க வருவார். பெட்டியைப் பார்த்த அன்றைக்கு அவர் உட்காரவே இல்லை. “இப்படியெல்லாம் செஞ்சு வெச்சா அது வந்துடும் மேஸ்திரி” என்றார்.

“வரட்டுமே. எனக்கு அங்க வீடு இருக்குது கவுடரே. இது நாலு நாள் தங்கற எடம்தானே?” என்று மாமா சிரித்தார்.

அந்த வீட்டைப் பற்றி எனக்கு நிறைய சந்தேகங்கள் இருந்தன. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும், அங்கே என்ன பாஷை, மாமாவின் கால் வீக்கம் அங்கேயும் இருக்குமா என்றெல்லாம் கேட்டேன். மாமா எதற்கும் சலிக்காமல் பதில் சொன்னார். தாம் முன்னால் போவதுதான் நல்லது என்பது அவருடைய கணக்கு. “உங்க அத்தை ஒண்டியா ஓசூர் சந்தைக்குக்கூடப் போனவ இல்ல. நான் முன்னாடி போயி எல்லாம் பாத்து வெக்கறன். அவ வர்றப்ப வாசல்ல நான் நிக்கணும்” என்பார். அத்தை அடுப்படியில் விறகைத் தள்ளிக்கொண்டிருப்பாள்.

கடைசியாக ஒரு உத்தரவும் போட்டார். தம் சாவுக்கு யாரும் அழக் கூடாது. மறுபடி பார்ப்போம் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அழுவார்கள். எங்கள் இருவரையும் எதிரே நிற்கவைத்து வாக்கு வாங்கினார். அத்தை “சரிங்க” என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போனாள். நான் என் தொடையைக் கிள்ளிக் கிள்ளி, அழாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. மாமா சாகவில்லை.

அத்தையின் உப்பில்லாத சமையலாலோ என்னவோ, வீக்கம் மெல்ல வடிந்தது. கார்த்திகையில் தடி ஊன்றிக் கொல்லைவரை நடந்தார். ஓசூர்ப் போதகர் ஒவ்வொரு முறை பார்க்க வந்தபோதும் மாமா கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தபின் பஸ் கிளம்பவில்லையென்றால் ஒரு முகம் வருமே, அந்த முகம். பெட்டி பின்கட்டில் கிடந்தது. எலி நுழையாத ஒரே இடம் அதுதான் என்று அத்தை அதில் ராகியைக் கொட்டி வைத்தாள். களிக்கு மாவு அரைக்க, மாமாவின் பெயரைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் நான் படியால் ராகி அள்ளுவேன்.

தை பிறந்து ஒரு வாரத்தில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் காய்ச்சலோடேயே சமைத்தாள். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஓசூரிலிருந்து கம்பவுண்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். ஏதோ பெரிய விஷயம் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். “மாமாவுக்கு உப்புப் போட்டுடாத. கேட்பாரு. குடுக்காத” என்றாள். நாலாம் நாள் காலை, வெயில் உள்ளே வருகிற நேரத்தில் இறந்துபோனாள்.

எனக்கு முதலில் தோன்றியது, எங்கோ தப்பு நடந்துவிட்டது என்பதுதான். சாகவேண்டியது மாமா. அதற்கு எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. அத்தையை யாரும் எதற்கும் தயார்ப்படுத்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா தங்கவயலிலிருந்து வந்துவிட்டாள். புதுப் பெட்டிக்கு நேரமில்லை. கவுடர் வீட்டுப் பெண்கள் பின்கட்டுக்குப் போய், பெட்டியிலிருந்த ராகியைப் பாயில் கொட்டி, உள்ளே ஈரத்துணியால் துடைத்தார்கள். ஆசாரியும் வந்திருந்தார். மூடியிலிருந்த பெயரை இழைத்து எடுத்துவிடலாம் என்று இழைப்புளியை எடுத்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா அதைப் பார்த்தார். கையை உயர்த்தினார்.

“வேணாம் ஆசாரி. இருக்கட்டும். எம் பேர்லயே போகட்டும் அவ.”

பெரியவர்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். எனக்கோ திக்கென்றது. கடைசி நாளில் எக்காளம் ஊதி, அந்த மூடியைப் பார்த்து மாமாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பது அத்தை. அவள் எப்படிப் பதில் சொல்வாள்? நீ யார் சம்சாரம் என்று கேட்டால்கூட அவள் சொல்லப்போவதில்லை. வாழ்நாளில் ஒரு தடவையும் புருஷன் பெயரை வாயால் சொன்னவள் இல்லை அத்தை. கடையில் பற்று எழுதும்போதுகூட அவளுக்காக நான்தான் சொல்வேன். ஆள் யாரும் இல்லை என்று நினைத்து மூடிவிட்டுப் போய்விடுவார்களே!

அம்மாவின் முந்தானையைப் பிடித்திழுத்துச் சொன்னேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு இன்னும் அழுதாள். போதகரிடம் சொல்லலாமென்று போனேன். அவர் என் தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டார். மாமாவின் ஆறடிக்குச் செய்த பெட்டியில் அத்தை முக்கால்வாசிதான் இருந்தாள். கால்மாட்டில் மிச்சமிருந்த இடத்தில் அவளுடைய புடவைகளை மடித்து வைத்தார்கள்.

ஓசூர்க் கல்லறைத் தோட்டத்தில் போதகர் நித்திய ஜீவனைப் பற்றிப் பேசினார். மாமா எத்தனையோ தடவை சொன்னதுதான். எல்லோரும் மாமாவைத்தான் பார்த்தார்கள். அவர் அழவில்லை. பாடவும் இல்லை. கவுடரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டி இறங்கியது. இதைவிட்டால் வேறு சமயம் இல்லை என்று தோன்ற, குழியின் விளிம்புக்கு ஓடி அத்தையின் பெயரை உரக்கக் கத்தினேன். வயதில் மூத்தவளின் பெயரை அப்படிச் சொல்லலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. மேலே பார்த்து ஒரு தடவை, குழியைப் பார்த்து ஒரு தடவை, நிச்சயத்துக்காக இன்னொரு தடவை. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். “குழந்தைக்கு எவ்வளவு பாசம் பாரு” என்று ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. கொடுத்த வாக்கை மீறி நானும் அழுதுகொண்டிருந்தேன். ஆனால் அது பாசத்தால் இல்லை, பயத்தால்.

அதன்பின் மாமா பரலோகத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாயங்கால ஜெபத்தில் அம்மாதான் பாடினாள். அவள் கைக்குழந்தையோடு எங்களுடனேயே தங்கிவிட்டிருந்தாள். ஒருநாள் கவுடர் தயங்கித் தயங்கி, “நீங்க சொன்ன வீட்டுக்குத்தானே போயிருக்காங்க மேஸ்திரி” என்றார். மாமா தலையை மட்டும் அசைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது அவ்வளவு நல்ல இடமென்றால், அத்தை அங்கே போனதற்கு ஏன் இப்படி இருக்கிறார்? ஒருவேளை மாமாவுக்கு மட்டும்தான் அது நல்ல இடமா? அல்லது அவர் சொன்னதெல்லாம் பொய்யா? பொய் என்றால் அத்தை இப்போது எங்கே?

பெங்களூர் டாக்டர் சொன்னதற்கு மேல் மாமா ஒன்பது வருஷம் இருந்தார். அதில் முதல் வருஷத்து ஈஸ்டர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று விடியலில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். மாமா நடக்கக் கூடாது என்று கவுடர் தம் மாட்டுவண்டியைக் கொடுத்தார். அம்மா குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டாள். நானும் மாமாவும் போனோம். பனி இன்னும் விலகவில்லை. போதகர், ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று சொன்னதும் கூட்டம் பாட ஆரம்பித்தது. மாமாவும் பாடினார். ரோட்டு வேலையில் பழகிய அந்தக் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

திரும்பி வருகையில் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துணிந்து கேட்டேன்: “அத்தைய பாப்பீங்களா மாமா?”

“பாப்பன் கண்ணு. அதுல சந்தேகமே இல்ல” என்றார். பழைய மாமாவேதான்.

கொஞ்ச தூரம் போனபின், மாட்டைப் பார்த்துக்கொண்டே, “நான் போறன் போறன்னு சொல்லிட்டே இருந்தனே, அப்ப உங்க அத்தை அழுதாளா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். தினமும் அவள் திரிகை சுற்றும்போது அழுவாள். கல் சத்தத்தில் வெளியே கேட்காது. நான் எதிரே உட்கார்ந்து ராகி போடுவேன். மாமாவிடம் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொன்னதில்லை, நானாகத்தான் சொல்லவில்லை. அழக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. செத்துப்போன அத்தைக்கு இப்போது திட்டு வாங்கிக் கொடுக்கவேண்டுமா என்று யோசித்தேன். ஆனால் ஈஸ்டர் நாளில் பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

“அழுதாங்க மாமா. மாவு அரைக்கறப்ப. தெனமும்.”

மாமா கோபிக்கவில்லை. என் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, “நல்ல வேள, எம் பேச்சக் கேக்கல அவ” என்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

இதில் நல்ல வேளை எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் அழுகையை நிறுத்திவிடுவாரோ, இன்னும் அதிகமாக அழுவாரோ, இரண்டில் எது நடக்கவேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை. அதனால் வீடு வரும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.