சனிக்கிழமை டைப்பிங் வகுப்பு

போன மாதம் கண்டியில் மழைக்கு ஒதுங்கப்போய் ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்துவிட்டேன். மூலையில் இசைத்தட்டுகள் அடுக்கியிருந்தார்கள். ஒன்றை உருவியதும் ஈரம் ஊறிய அட்டையின் வாசனை மூக்கில் ஏறியது. "சுவர்ல மாட்டவா சார்?" என்றார் கடைக்காரர். இப்போதெல்லாம் அதற்குத்தான் வாங்குகிறார்களாம். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வேறு யாருக்காவது அந்த வாசனையில் பாட்டு ஞாபகம் வரலாம். எனக்கு முதலில் வருவது வெட்கம்தான்.

எழுபதுகளில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்த கூட்டாளிகள் நாங்கள் மூவர்: நான், யாழ்ப்பாணத்து யோகன், அக்குறணை நிசாம். நிசாமின் வாப்பா ரேடியோ திருத்துகிறவர். அவர் கடையில் யாரும் திரும்பக் கேட்டு வராத இரண்டு ரெக்கோட் பிளேயர்கள் கிடந்தன. இரண்டு இருந்தால் ஒரு பாட்டு முடிகிறபோதே அடுத்ததைத் தொடங்கிவிடலாம் என்று கண்டுபிடித்தவன் யோகன். உலகத்தில் வேறு எவருக்கும் இது தோன்றியிருக்காது என்று அப்போது மனதார நம்பினோம்!

பேராதனைப் பக்கம் ஒரு பாரில் சனிக்கிழமை மாலைகளில் பாட்டுப் போட இடம் கிடைத்தது. சிங்களப் பைலா, இந்தி, தமிழ் எல்லாம் கலந்து போடுவோம். சாராயமும் பொரித்த கடலையும் மணக்கும் புகைக்குள்ளிருந்து "தவ எக்கக்!" என்று இன்னொன்று கேட்டுச் சிங்களத்தில் கூச்சல் எழும்போது தலைகால் புரியாது. நிசாம் மட்டும் இஞ்சிச் சோடாவோடு நிறுத்திக்கொண்டு, கிளம்புமுன் சட்டையை மோந்து பார்த்துக்கொள்வான். என் வீடு கட்டுகஸ்தோட்டையில். தெரிந்தவர் கண்ணில் படாத தூரம். வீட்டில் நான் சொல்லியிருந்தது, சனிக்கிழமையும் டைப்பிங் வகுப்பு என்று.

அப்பா புடவைக்கடையில் கணக்கெழுதினார். வானொலியில் சினிமாப் பாட்டு வந்தால் எழுந்துபோய் மூடிவிடுவார். அதனால்தான் கூட்டாளிகளை நான் வீட்டுக்குக் கூட்டிப் போனதேயில்லை. சனிக்கிழமைகளில் அவருக்குக் கோயில் கூட்டம்.

ஒருநாள் பைலா ஓடிக்கொண்டிருக்கையில் யோகன் என் விலாவில் இடித்தான்.

"டேய், அந்த ஐயாவைப் பாரடா. என்ன ஆட்டம்!"

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆடிக்கொண்டிருந்தவர் என் அப்பா. சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். யோகனும் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தடா தேடுறாய்?" என்றான் நிசாம்.

"வயரு லூசா இருக்கு."

அடுத்த தட்டை ஓடவிட வேண்டியவன் நான். பாட்டு முடிந்தது. பார் முழுக்க அமைதி. நிசாம் என் காலரைப் பிடித்துத் தூக்கினான். எல்லோரும் எங்கள் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் பார்த்தார். தூக்கிய கைகளை மெல்ல இறக்கி, வேட்டியின் மடிப்பை அவிழ்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"நல்லா போடுறீங்க, தம்பி" என்றார். யாரோ ஒரு வேற்றாளிடம் பேசுவதுபோல, "நீங்க" போட்டு. பிறகு போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா, "கூட்டத்துல என்ன பேசுனாங்க?" என்று கேட்டாள்.

"வழக்கமானதுதான்" என்று சொல்லி, அப்பா ரசச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அவராவது போகட்டுமே என்றிருந்தேன். ஐந்து மணியானது, ஆறானது. அப்பா கதிரையில் பேப்பரை விரித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்னங்க, கூட்டம் இல்லையா? உனக்கும் கிளாஸ் இல்லையாடா?"

"இல்ல" என்றோம், ஒரே நேரத்தில்.

அவரும் எனக்காகத்தான் போகாமல் இருந்தார் என்று எனக்கு விளங்கியது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் இரண்டு பேரும் போகவில்லை. "டைப்பிங்கில பாஸாகப் போறியோ?" என்று யோகன் கேலி செய்தான். அவனிடமும் சொல்லவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு யோகன் கனடாவுக்குப் போனான். நிசாமும் நோயில் விழுந்து மௌத்தாகிவிட்டான். பார் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. அப்பா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. கடைசிவரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் ஆடியதை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்க்கக் கிடைத்தது. அதிலும் பாதியை மேசைக்கு அடியில் குனிந்தபடி தவறவிட்டேன்.