பெரிய எழுத்து, சின்ன எழுத்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் கொஞ்ச காலம் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, முன்வழுக்கை. திரையில் பிழைகள் கொட்டினால் மற்றவர்கள் கடைசி வரியைப் பார்த்துப் பதறுவார்கள். அவர் மட்டும் மேலே போய், முதல் பிழையை உதடு அசைய வாசிப்பார்.

ஒரு நாள், அங்கே விண்டோஸில் ஓடிய புரோகிராம் வாடிக்கையாளரின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நின்றுவிட்டது. தப்புச் செய்தவருக்கு இன்றோடு வேலை இல்லை என்றார் மேனேஜர். நான் டீ வைக்கும்போது, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அந்த ஒல்லி மனிதர் தணிந்த குரலில் தப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஃபைலின் ஆங்கிலப் பெயரை அவள் ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் தொடங்கியிருந்தாள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“யார் பண்ண வேலை இது?” என்று வந்து நின்றார் மேனேஜர்.

“நான்தான் சார்” என்றார் அவர்.

மாலையில் அவர் கிளம்பியபோது கேட் வரை கூடப் போனேன்.

“இன்னா சார் இது, அந்தப் பொண்ணு பண்ணதுக்கு நீங்க போறீங்கோ?”

“தமிழ் மீடியத்துல படிச்ச பொண்ணுபா. நம்ம எழுத்துல பெரிசு ஏது, சின்னது ஏது?” என்றார், சிரிக்காமல்.

ரயிலைப் பிடிக்க நடந்து போனார். வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் எனக்கு இன்றும் பிடிபடவில்லை.