கள்ளப் பெரியபிள்ளை

ஓலைப்பெட்டியின் மூடி திறக்குமுன்பே, நல்லெண்ணெயில் பொரித்த பயற்றம்பணியாரத்தின் மணம் படுக்கை மண்டபமெங்கும் பரவிவிட்டது. சித்திரை விடுமுறை கழிந்து, வலிகாமத்தில் இருந்த எங்கள் பெண்கள் பள்ளி விடுதிக்குத் திரும்பிய மாலை அது. பெட்டியைக் கொண்டுவந்தவள் நாகேஸ்வரி. உடுப்பிட்டியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. பதினாறு வயதை நெருங்கியும் அவள் பூப்படையவில்லை. மெலிந்து நெடிது வளர்ந்திருந்த அவளுக்கு விடுதியில் "பொடியன்", அதாவது பையன், என்று பெயர். அவள் தலை தெரிந்தாலே, எங்களுள் வாய்வீச்சு மிகுந்த பூரணம், "பொடியன் வாறான், கதவைச் சாத்துங்கோடி!" என்பாள்.

அன்று நாகேஸ்வரி, விடுமுறையில் தான் பூப்பெய்தியதாகவும், தனக்குச் "சாமத்திய வீடு" நடந்ததென்றும், இது அந்தப் பலகாரமென்றும் சொல்லி எல்லோருக்கும் பங்கிட்டாள். அது பொய். எங்கள் ஊரில் ஒரு பெண் பெரியபிள்ளையானால் மாமன் வீட்டார் தட்டங்களோடு வருவர். மேளச் சத்தம் ஒழுங்கையின் இரு முனைவரையும் கேட்கும். அயலில் ஒரு வீட்டையும் அழைக்காமல் விடுவதில்லை. அவள் பங்கிட்டது வருடப்பிறப்புக்குச் சுட்ட பணியாரம். எங்கள் வீட்டுக்கும் அதில் ஒரு தட்டு வந்திருந்தது. இதை அறிந்தவள் அந்த விடுதியில் நான் ஒருத்தியே. கிணற்றடியில் என் கையைப் பிடித்து, "நீ மட்டும் வாய் திறந்திடாதையடி" என்றாள். "ஓம்" என்றேன்.

பூரணம் தன் கையாலேயே அவளுக்குப் பின்னலிட்டாள். நாகேஸ்வரி அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாளென்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் தப்பியதும் அவர்களுடைய கேலிக்கு மிஞ்சியவள், பருத்த உடம்புக்காரியான நான்தான்.

ஒரு மத்தியானம் சோறு பரிமாறும்போது பூரணம், "உவவுக்கு இன்னும் ரெண்டு அகப்பை போடுங்கோ, பாவம், எலும்பு தெரியுது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாகேஸ்வரியும் சிரித்தாள். சிரிக்காதிருந்தால் அவளுக்கு அந்த வாங்குப் பலகையில் இடமிராது என்பது இன்று எனக்கு விளங்குகிறது. அன்று அந்தச் சிரிப்பு மட்டுமே என் காதில் விழுந்தது. சோற்றைப் பார்த்தபடியே சொன்னேன்: "எங்கடை ஊரிலை ஒரு சாமத்திய வீடும் நடக்கேல்லை. உவள் தந்தது வருஷப் பணியாரம்."

அன்று முதல் அவள் "கள்ளப் பெரியபிள்ளை". பொடியன் என்றபோது தலைகுனிந்து நடந்தவள், இந்தப் பெயருக்குப் பிறகு சாப்பாட்டு மண்டபத்துக்கே வராமலானாள். என்னை அவள் ஏசவுமில்லை. என் கட்டிலைக் கடக்கும்போது மட்டும் சற்று வேகமாக நடந்தாள். தவணை முடியுமுன் அவளுடைய தாயார் வந்து பெட்டியைக் கட்டினார். என்னைக் கண்டதும் என் தோளைத் தடவி, "பிள்ளை, நீ பக்கத்திலை இருக்கிறாய் எண்டுதான் நான் பயமில்லாமல் இருந்தனான். என்ன நடந்ததெண்டு உனக்கெண்டாலும் சொன்னவளோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமி" என்றேன்.

அந்த வருடமே, மலாயாவில் இரயில்வே எழுதுவினைஞராயிருந்த தகப்பனாரிடம் தாயும் மகளும் கப்பலேறினர். பூரணம் மணமாகிப் போய்விட்டாள். அந்த விடுதியிலும் எங்களை அறிந்தவர் எவருமில்லை. கொழும்பில் இலக்கியம் படிக்கும் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அடுத்த வீடு பூட்டியே கிடக்கிறது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி அவளிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. அது வந்தபோது உலக யுத்தம் மூண்டு, மலாயாவுக்குத் தபால் நின்றுபோயிருந்தது.