சித்தியின் தலையில் இட்ட ஆணை

என் சித்தி அம்மை கண்டு இறந்தாள் என்றே எங்கள் குடும்பத்தில் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அது உண்ணிக் காய்ச்சல். உரிய நாளில் மருத்துவரிடம் சென்றிருந்தால் சில மாத்திரைகளுக்கு அடங்கியிருக்கும். அதன் அடையாளத்தைக் கண்டவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு எட்டு வயது.

உப்பிலியபுரத்து மலையடிவாரத்தில் மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்தவள், தையில் திருமணம் என்பதால் புடவை எடுக்கத் திருவரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். உடை மாற்றுகையில் அவள் இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், ஊதுவத்தியால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. தொட்டேன், வலிக்கவில்லை என்றாள்.

"ஏதோ பூச்சி கடிச்சிருக்குடி. அக்காகிட்ட சொல்லிடாத. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா, பொண்ணு சொத்தைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க" என்று சிரித்தாள். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து ஆணை வாங்கிக்கொண்டாள். அவ்வாணையை மீறினால் அந்தத் தலைக்குரியவர் இறந்துபோவார் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் அசைக்கவியலாத சட்டம்.

இரண்டே நாளில் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. ஐந்தாம் நாள் மார்பில் செம்புள்ளிகள் தோன்றவே, அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். பொன்மலை ரயில் பட்டறையில் வேலைபார்த்த அப்பா மருத்துவரை அழைக்கலாமென்றார்.

"ஆத்தா எறங்கியிருக்கற வீட்டுல ஊசியா? நீங்க ரயிலப் பாருங்க, வீட்ட நான் பாத்துக்கறேன்."

சித்தி பிதற்றத் தொடங்கிய பின் அப்பா, அம்மாவைக் கேளாமலே மருத்துவரை அழைத்துவந்தார். அம்மா அவரை நிலைவாசலுக்கு அப்பால் விடவில்லை.

அங்கிருந்தே அவர் கேட்டார்: "உடம்புல எங்கயாவது கறுப்பா, காஞ்ச புண்ணு இருக்காம்மா? வலியே இருக்காது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. முத்துதான் போட்டிருக்கு."

கதவருகே நின்ற எனக்கு விடை நாநுனிவரை வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். சித்தியைச் சாகவிடுவேனா?

அவர் போனபின் சித்தி கண்திறந்து என்னையே நோக்கினாள். உதடுகள் அசைந்தன, சொல் எழவில்லை. நான் குனிந்து, "சொல்லல சித்தி" என்றேன்.

மறுநாள் நண்பகலில் அவள் உயிர் பிரிந்தது. வீடே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் ஆணையைக் காத்தும் அவள் ஏன் இறந்தாள் என்பதே எனக்கு விளங்கவில்லை.