அனுசியாவின் ரத்ததானப் பக்கம்

ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்குப் போகும் கல்லூரிப் பேருந்தில் அனுசியாவும் நானும் ஒரே இருக்கையில்தான் உட்காருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இம்மானுவேல் ஏறுவான். ஏறிய கையோடு எங்கள் பின்னால் வந்து நின்று, முந்தின நாள் எழுதிய புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று அவளிடம் சண்டை பிடிப்பான். ஜன்னல் வழியே மலை கூடவே வரும். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள் அவன் படியிலேயே நின்றுவிட்டான். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, பி நெகட்டிவ் ரத்தம் எங்கும் கிடைக்கவில்லை.

"யாருக்காவது பி நெகட்டிவ் இருக்கா?" என்று கத்தினான். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஓட்டுநர் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். அன்று நாங்கள் யாரும் முதல் வகுப்புக்குப் போகவில்லை. அவன் அம்மா பிழைத்துக்கொண்டார்.

அந்த மாதமே அனுசியா 'உதிரம்' என்ற இணையதளத்தை எழுதினாள். ரத்த வகையையும் ஊரையும் தேர்ந்தெடுத்தால் கொடுப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் வரும். அவ்வளவுதான். பாஸ்வேர்டு கிடையாது, யார் என்ற கேள்வி கிடையாது. இம்மானுவேல் ஆட்களைச் சேர்த்தான். மில் வாசல், மாங்காய் மண்டி, தேரோட்டக் கூட்டம் என்று ஓரிடத்தையும் விடவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில் ஆவுடையப்பன் என்ற பழைய பட்டாளத்துக்காரரைப் பிடித்தான். அவர் தன் பெயரோடு தெருவையே சேர்த்துக் கொடுத்தார்.

படிப்பு முடிந்தது. இம்மானுவேல் மஸ்கட்டுக்குப் போனான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டேன். அனுசியா சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ராஜபாளையத்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அந்தத் தளத்தை மட்டும் அவள் விடவேயில்லை. ரத்தம் வாங்கியவர்கள் அவளைத் தேடிப் பிடித்துக் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சின் ஆடியோவை எனக்கு அனுப்புவாள். யாரோ ஒருவரின் அழுகை, பின்னணியில் பச்சைக் குழந்தையின் சத்தம். "கேட்டியா?" என்று மட்டும் எழுதியிருப்பாள்.

போன வருஷம் ஒரு காலையில் ஆவுடையப்பன் அவளைக் கூப்பிட்டார்.

"என்ன தாயி, விடிஞ்சதுல இருந்து போன் ஓயல. லோன் வேணுமாங்கான், பிளாட் வேணுமாங்கான். எங்க தெருவுல அம்புட்டுப் பேருக்கும் இதே கததான். நம்பர் எங்கருந்து போச்சு?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் ஹெப்சிபா.

"அக்கா, உங்க பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. பிரசவக் கேஸ், ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ் வேணும்."

அனுசியா சர்வரைத் திறந்து பார்த்தாள். ஒரே முகவரியிலிருந்து மூச்சு விடாமல் கேள்விகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. எல்லா ஊர், எல்லா ரத்த வகை, ஒன்றன்பின் ஒன்றாக. மனிதக் கை அவ்வளவு வேகமாகத் தட்டாது. யாரோ ஒரு புரோகிராமை ஏவிவிட்டு நம்பர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லியே சர்வர் திணறிப்போயிருந்தது. அவள் சர்வரில் சேமித்திருந்த பட்டியலிலிருந்து நேரடியாக நம்பர்களை எடுத்து ஹெப்சிபாவுக்கு வாசித்தாள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து இசக்கிமுத்து என்பவர் பைக்கில் வந்து ரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அன்றே அவள் ஒரு வரம்பு வைத்தாள். ஓர் இணைய முகவரியிலிருந்து ஒரு நிமிடத்தில் இத்தனை கேள்விகள்தான். மீறினால், 'சற்று நேரம் கழித்து முயலவும்' என்று தளம் மறுத்துவிடும். புரோகிராம் முட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. எனக்குப் போன் செய்து சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கல்லூரிச் சிரிப்பைக் கேட்டேன்.

அந்த நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. ஹெப்சிபா மறுபடி கூப்பிட்டாள். குரலில் கோபம்.

"சற்று நேரம் கழிச்சு வான்னு வருதுக்கா. செத்த நேரம் பொறுன்னு நோயாளிட்ட நான் எப்படிச் சொல்ல?"

ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே வைஃபை. நர்ஸுகளும் நோயாளிகளின் சொந்தக்காரர்களும் ஒரே சமயத்தில் தேடியபோது, வெளியிலிருந்து பார்த்த தளத்துக்கு அத்தனை பேரும் ஒரே முகவரியாகத் தெரிந்தார்கள். திருடனுக்கு வைத்த வரம்பு ஆஸ்பத்திரியைத் தடுத்துவிட்டது. திருடனோ இப்போது பல முகவரிகளிலிருந்து மெதுவாக, ஆள் மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் இம்மானுவேலைக் கூப்பிட்டாள். நானும் அந்த அழைப்பில் இருந்தேன்.

"ஏட்டி, நம்பரைக் காட்டுறதாலதான அள்ளுதான்? காட்டாத."

"யாரு வேணும்னாலும் பாக்கலாம்னுதானல ஆரம்பிச்சோம்? ஒங்க அம்மாவுக்குக் கேட்டப்ப யாராவது அடையாள அட்டை கேட்டாங்களா?"

"அந்தப் பஸ்ஸுல இருந்த எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்க அனு. இப்ப கேக்கிறவன் யாருன்னே தெரியலையே."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு தளத்தைப் பிரித்துப் புதிதாக எழுதினாள். இப்போது யாருடைய நம்பரும் திரையில் வராது. ரத்தம் கேட்பவர் தன் போனுக்கு வரும் ஓடிபியைப் போட வேண்டும். அவருடைய கோரிக்கை கொடுப்பவர்களுக்குச் செய்தியாகப் போகும். விருப்பமுள்ளவர் தாமே கூப்பிடுவார். வரம்பு இப்போது இணைய முகவரிக்கு இல்லை, கேட்கும் ஆளின் போன் நம்பருக்கு. ஆஸ்பத்திரிகளுக்குத் தனிக் கணக்கு, தாராளமான வரம்பு. ஹெப்சிபாவின் வார்டில் வைத்தே அதைச் சோதித்தார்கள். எல்லா நர்ஸுகளும் ஒரே சமயத்தில் தட்டினார்கள், தளம் நிற்கவில்லை.

வெளியே போன நம்பர்கள் போனதுதான். அதுதான் அவளை அரித்தது. தளத்தில் மன்னிப்பு அறிவிப்புப் போட்டாள். அதுவும் போதாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கான்சாபுரம் போனாள். ஆவுடையப்பன் வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"எங்க கவனக்குறைவு அண்ணாச்சி. வேணும்னா ஒங்க பேரை எடுத்திருதேன். நீங்க நம்பரையும் மாத்திக்கிடலாம்."

"எடுக்கவா? நம்பர மாத்திட்டா எங்கிட்ட ரத்தம் வாங்குன ஆளுக பொங்கலுக்கு எப்படிக் கூப்பிடும்?" என்றார். "லோன்காரன் கத்துனா கத்திட்டுப் போறான். உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்க்காதது போல முன்னால் நடந்தார்.

தெருவில் சிலர் பெயரை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். மற்றவர்கள் தொடர்கிறார்கள். அந்தப் புரோகிராம் இன்னும் எப்போதாவது வந்து முட்டிவிட்டுப் போகிறது. ரத்தம் முன்பைவிடச் சீக்கிரம் கிடைக்கிறது என்கிறாள் ஹெப்சிபா. ஆனால் நன்றி சொல்ல அனுசியாவை யாரும் தேடுவதில்லை. தாமே கூப்பிட்டு வந்து கொடுத்தவரிடமே சொல்லிவிடுகிறார்கள்.

"அதுதான முறை" என்கிறாள் அவள். பழைய ஆடியோக்களை மட்டும் போன் மாற்றும்போதெல்லாம் பத்திரமாகப் புதுப் போனுக்கு மாற்றிக்கொள்கிறாள்.